கஞ்சாவுக்கு அரசாங்கமே கிடங்கு கட்டின காலம்



வழக்கமா மழை, மாடு, மல்லாட்டை விலைன்னு எழுதுற ஆள் நான். இந்தத் தடவை கஞ்சாவைப் பத்தி எழுதறேன். காரணம் இருக்கு. எங்க பக்கத்துல இப்போ ரெண்டு பேச்சு ஓடுது. ஊர்ல பெத்தவங்க பேச்சு ஒண்ணு: "பத்தாவது படிக்கிற பையன் கைக்கே பொட்டலம் வந்துடுச்சு, போலீஸ் என்னதான் பண்ணுது?" பட்டணத்திலேருந்து லீவுக்கு வர்ற சொந்தக்காரப் பசங்க பேச்சு இன்னொண்ணு: "மாமா, கனடாவுல, ஜெர்மனியில எல்லாம் சட்டப்படி ஆக்கிட்டான். இங்கயும் வந்துச்சுன்னா உங்களுக்குத்தான் லாபம். ஏக்கருக்கு லட்சக்கணக்குல வரும். இந்த மல்லாட்டையக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க?"

ரெண்டு பேருமே இது நேத்து முளைச்ச கேள்வி மாதிரி பேசறாங்க. அப்படி இல்லீங்க. கஞ்சாவைத் தடை பண்றதா, லைசென்ஸ் குடுத்து விக்கறதாங்கற வழக்கு இந்த நாட்டுல 130 வருஷம் பழசு. சும்மா பேசிட்டு விட்டுடவும் இல்லை. லைசென்ஸ் குடுத்து, எடை போட்டு, வரி கட்ட வெச்சு, அரசாங்கக் கிடங்குல பூட்டி வெச்சு நடத்தியே பார்த்திருக்காங்க. அந்தக் கதையில எங்க ஜவ்வாது மலைக்கும் ஒரு பங்கு உண்டு. நான் அந்த மலை அடிவாரத்துல ரெண்டரை ஏக்கர் வெச்சிருக்கிறவன். அதனால பயிர் வைக்கிறவன் நிக்கிற இடத்திலேருந்து இந்த வரலாற்றைச் சொல்றேன். புகைக்கிறவங்க பக்கமும் பிடிக்கிறவங்க பக்கமும் பேச ஏற்கனவே நிறைய பேர் இருக்காங்க.

முதல்ல செடியைப் பார்ப்போம்

பப்பாளி மாதிரி கஞ்சாவிலும் ஆண் செடி வேற, பெண் செடி வேற. ஆண் செடியோட மகரந்தம் பட்டால் பெண் செடி விதை பிடிச்சுடும். விதை பிடிச்ச பூவுல சரக்கு குறைவு. அதனால ஆண் செடியை முன்கூட்டியே பிடுங்கிடுவாங்க. விதை பிடிக்காத பெண் செடியோட பிசுபிசுன்னு இருக்கிற பூங்கொத்தைக் காயவெச்சா அதுதான் கஞ்சா. பிசினை மட்டும் தேய்ச்சு எடுத்தா சரஸ். இலையை அரைச்சுப் பாலோட கலந்தா பாங்கு. வடக்கே ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் இதைக் குடிக்கிறாங்க. தண்டுல நார் எடுக்கலாம், விதையில எண்ணெய் எடுக்கலாம். நம்ம சித்த வைத்தியத்துல இதுக்குக் கோரக்கர் மூலின்னு பேர். சுத்தி பண்ணித்தான் மருந்துல சேர்ப்பாங்க.

பூ வேற, பிசின் வேற, இலை வேற. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னால வர்ற சட்டமெல்லாம் இந்த வித்தியாசத்துலதான் நிக்குது.

1893: 1,193 பேரைக் கேட்டாங்க

1893 மார்ச் 2-ஆம் தேதி லண்டன் நாடாளுமன்றத்துல டபிள்யூ. எஸ். கெய்ன் என்கிற உறுப்பினர் ஒரு கேள்வி எழுப்பினார். மதுவிலக்குக்காகப் பாடுபட்டவர் அவர். வங்காளத்துல கஞ்சா பயிராகுது, விக்குது. அதனால ஜனங்களோட உடம்புக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன கேடு வருதுன்னு விசாரிக்கணும்னு கேட்டார். வங்காளத்தோட நிக்காம இந்தியா முழுக்க விசாரிக்கலாம்னு முடிவாச்சு. அந்த வருஷமே 7 பேரைக் கொண்ட இந்திய ஹெம்ப் ட்ரக்ஸ் கமிஷன் அமைஞ்சது. தலைவர் மக்வொர்த் யங். ஏழு பேர்ல மூணு பேர் இந்தியர்கள்.

இந்தக் கமிஷன் ஊர் ஊராப் போச்சு. டாக்டர்கள், கலெக்டர்கள், வைத்தியர்கள், மிஷனரிகள், வியாபாரிகள், பயிர் பண்றவங்கன்னு 1,193 பேர்கிட்ட சாட்சியம் வாங்கினாங்க. அறிக்கை 7 தொகுதி வந்துச்சு.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கணக்கு. "கஞ்சா குடிச்சா பைத்தியம் பிடிக்கும், ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பாருங்க, தெரியும்"னு அப்போ எல்லாரும் சொன்னாங்க. கமிஷன் அந்தப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு கேஸா நோண்டிச்சு. 1892-ல இந்தியா முழுக்கச் சேர்ந்தவங்க 1,344 பேர். அதுல 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகைன்னு எழுதியிருந்துச்சு. யார் எழுதினதுன்னு பார்த்தா, பல இடத்துல கூட்டிட்டு வந்த போலீஸ்காரர் சொன்னதுதான். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, எதையாவது நிரப்பணும். ஆள் கஞ்சா குடிப்பானான்னு கேக்கறது, ஆமான்னா எழுதிடறது. மறுபடி விசாரிச்சப்போ 98 பேருக்குத்தான் அப்படிச் சொல்லலாம்னு ஆச்சு. அந்த 98-லயும் வேற காரணம் கலந்தவங்க இருந்தாங்க.

கட்டத்தை நிரப்பறதுக்காக எழுதற கணக்கு என்னன்னு எங்களை மாதிரி ஆளுங்களுக்கு நல்லாவே தெரியும். அடங்கல்ல ஒரு பயிர் இருக்கும், கழனியில வேற பயிர் நிக்கும்.

கடைசியா கமிஷன் சொன்னது இது. அளவா எடுத்துக்கறவங்களுக்குப் பெரிய கேடு இல்லை. அளவு மீறினா உடம்பும் கெடும், மனசும் கெடும். முழுத் தடை அவசியமும் இல்லை, நடைமுறைக்கும் ஒத்துவராது. சாமி காரியத்தோட கலந்திருக்கிற பழக்கத்தைத் தடுத்தா ஜனங்க கொதிப்பாங்க. இதை நிறுத்தினா ஊமத்தை, சாராயம்னு இதைவிட மோசமானதுக்குப் போவாங்க. அதனால கட்டுப்படுத்துங்க: பயிர் வைக்கிற இடத்தைக் குறைங்க, லைசென்ஸ் இல்லாம வைக்க விடாதீங்க, வரியை ஏத்துங்க, கடையைக் குறைங்க, ஒரு ஆள் கையில எவ்வளவு வெச்சுக்கலாம்னு அளவு போடுங்க.

இன்னைக்கு ஒழுங்குமுறைன்னு டிவியில பேசறாங்களே, அதுல முக்கால்வாசி 1894-லயே எழுதியாச்சு. ஆனா ஒண்ணையும் மறக்கக் கூடாது. வெள்ளைக்கார அரசாங்கத்துக்குக் கஞ்சா வரியில நல்ல வருமானம் இருந்துச்சு. தீர்ப்பு சொன்ன வீட்டுக்கே அந்தத் தீர்ப்பால லாபம். விசாரணை நேர்மையா நடந்த மாதிரிதான் தெரியுது. ஆனாலும் இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் படிக்கணும்.

கஞ்சா டாக்டரும் அரசாங்கக் கிடங்கும்

அப்போ பயிர் வெச்சவன் எப்படி இருந்தான்? இதுக்குப் பதில் வங்காளத்துல நௌகாவ் பக்கம் இருக்கு. இன்னைக்கு அது வங்கதேசத்துல சேர்ந்த ஊர். சுத்தி இருந்த கிராமங்களைக் கஞ்சா மகால்னே சொன்னாங்க. மொத்த வங்காளத்துக்கும் கஞ்சா அங்கேதான் விளைஞ்சது.

ஆகஸ்ட் வாக்குல நாற்றங்கால் விடறது. செப்டம்பர்ல மேட்டு நிலத்துல பார் பிடிச்சு நடறது. நவம்பர் வாக்குல ஒரு ஆள் வருவார். அவருக்குக் கஞ்சா டாக்டர்னு பேர், உள்ளூர்ல பொத்தார்னு சொல்வாங்க. அவர் வரப்போரமா நடந்துகிட்டே ஒவ்வொரு செடியையும் பார்ப்பார். பூ விரியறதுக்கு முன்னாடியே ஆண் செடி எதுன்னு கண்டுபிடிச்சு ஒடிச்சுவிட்டுப் போவார், பின்னால குடியானவன் அதைப் பிடுங்குவான். அந்தக் கண் தப்பினா ஒரு வருஷப் பாடு போச்சு. பிப்ரவரி, மார்ச்சுல அறுப்பு. அறுத்ததை வெயில்ல போட்டு, வட்டமா நின்னு காலால மிதிச்சு மிதிச்சுத் தட்டையாக்குவாங்க. அதுக்குத் தட்டைக் கஞ்சான்னே பேர்.

இவ்வளவுக்கும் லைசென்ஸ் வேணும். விளைஞ்சதை வீட்டுல வெச்சுக்க முடியாது. எடை போட்டு, பதிஞ்சு, அரசாங்கம் பார்வையில இருக்கிற கிடங்குல கொண்டுபோய்ச் சேர்க்கணும். பல ஊர்லேருந்து வர்ற லைசென்ஸ் வியாபாரிங்க அங்கேருந்து எடுத்துட்டுப் போவாங்க. நடுவுல தரகர்கள். எங்க ஊர்ல ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைக் கமிட்டின்னு சொல்லுவோம். அங்கே மூட்டையை இறக்கிட்டு, யாரோ வந்து விலை சொல்றதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கறோமே, அதே நிலைமைதான். இன்னும் இறுக்கம், ஏன்னா வேற எங்கயும் தூக்கிட்டுப் போக முடியாது. அரசாங்கத்துக்கு வரி வந்துச்சு, தரகருக்குக் கமிஷன் வந்துச்சு. குடியானவன் கடன்ல இருந்தான்.

இது மாறினது 1917-ல. பயிர் வைக்கிறவங்களே சேர்ந்து நௌகாவ் கஞ்சா விவசாயிகள் கூட்டுறவு சங்கம்னு ஒண்ணு பதிவு பண்ணாங்க. சரக்கை சங்கமே வாங்கிச்சு, சங்கமே வித்துச்சு. தரகர் விலகினார். சங்க லாபத்துல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடுன்னு போட்டாங்க. வங்காளத்துலயே பணக்காரக் கூட்டுறவு சங்கங்கள்ல ஒண்ணா அது இருந்துச்சு. நாடு பிரிஞ்சு, பிறகு வங்கதேசம் பிறந்து, 1987-ல அங்கே பயிர் நிறுத்தப்படற வரைக்கும் அந்த வயல்கள் இருந்தன.

நான் படிச்ச வரைக்கும் விவசாயி நிமிர்ந்து நின்னது இந்த ஒரு இடத்துலதான். சட்டம் அனுமதிச்சதால மட்டும் நிமிரலை. அனுமதி அதுக்கு முன்னாடியும் இருந்துச்சே! கிடங்குச் சாவி அவங்க கைக்கு வந்த பிறகுதான் நிமிர்ந்தாங்க.

எங்க மலையும் 1985-ம்

சென்னை மாகாணத்துல கஞ்சா பயிரைக் கமிஷன் காலத்துக்குப் பிறகு ரெண்டு இடத்துக்குள்ள சுருக்கினாங்க. ஒண்ணு ஆந்திராவுல பாபட்லா பக்கம். இன்னொண்ணு வட ஆற்காடு மாவட்டத்துல எங்க ஜவ்வாது மலை. அங்கே பயிர் வெச்சவங்க மலையாளிகள். கேரளாக்காரங்க இல்லீங்க, மலையை ஆள்றவங்கன்னு பேர் வாங்கின பழங்குடி ஜனங்க. சாமை, கேழ்வரகோட இதுவும் ஒரு பயிர்.

அப்புறம் 1937. ராஜாஜி சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு கொண்டு வந்தார். அந்தச் சட்டத்துல மது மட்டும் இல்லை, கஞ்சாவும் சேர்ந்திருந்தது. பிறகு மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவிச்சு. ஆக, மத்த மாநிலங்கள்ல லைசென்ஸ் கடை நடந்த காலத்துலயே நம்ம பக்கம் கதவு சாத்தியாச்சு.

உலக அளவுல 1961-ல ஐ.நா. ஒப்பந்தம் ஒண்ணு போட்டாங்க. கஞ்சாவை ஹெராயினோட ஒரே பட்டியல்ல வெச்சாங்க. இந்தியா அங்கே வாதாடி ரெண்டு சலுகை வாங்கிச்சு. ஒண்ணு, தனி இலை கஞ்சா ஆகாது. இன்னொண்ணு, பழைய பழக்கத்தை நிறுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்ததிலேருந்து 25 வருஷம் அவகாசம். அமலுக்கு வந்தது 1964. அந்த அவகாசம் முடியறதுக்கு முன்னாடி, ராஜீவ் காந்தி ஆட்சியில, 1985 நவம்பர் 14-லேருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. பூங்கொத்தும் பிசினும் குற்றம். தனி இலை அந்த விளக்கத்துக்குள்ள வரலை. அதனாலதான் ராஜஸ்தான்லயும் காசியிலயும் இன்னைக்கும் பாங்குக்கு அரசாங்க லைசென்ஸ் கடை இருக்கு. ஒரே செடி. இலைக்குக் கடை, பூவுக்கு ஜெயில்.

ஜெயில்னா எவ்வளவு? 1 கிலோவுக்குள்ள இருந்தா ஒரு வருஷம் வரைக்கும், இல்லேன்னா அபராதம். 20 கிலோவுக்கு மேலன்னா 10 வருஷத்துலேருந்து 20 வருஷம். பயிர் வெச்சா 10 வருஷம் வரைக்கும். இதெல்லாம் பேப்பர்ல நீங்க படிச்சிருப்பீங்க. 46-வது பிரிவு பத்தி யாரும் பேசறதில்லை. என் நிலத்துல யாராவது இந்தச் செடியை வெச்சிருக்கிறது எனக்குத் தெரிஞ்சா, நான் உடனே போலீஸுக்கோ அதிகாரிக்கோ சொல்லணும். தெரிஞ்சும் சும்மா இருந்தா எனக்கும் தண்டனை. 47-வது பிரிவு ஊர் அதிகாரிகளுக்கும் பஞ்சாயத்துக்காரங்களுக்கும் அதே மாதிரி கடமை வைக்குது.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். மலையில போய்ப் பாருங்க. பஸ் போகாத ஊர். காட்டோரம் அரை ஏக்கர். ராத்திரி ஒரு ஆள் வந்து விதையும் பணமும் குடுத்துட்டுப் போவான். அவன் பேர் என்ன, எந்த ஊர், எதுவும் தெரியாது. செடி வளர்ந்த பிறகு பிடிபடறது நிலத்துல பேர் இருக்கிறவன். பட்டாவுக்குக் கால் இல்லை, ஓட முடியாது. சரக்கு வாங்கற ஆளுக்கு லாரி இருக்கு.

ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகள்ல இன்னைக்கு நடக்கறது இதுதான். நம்ம ஊர்ப் பசங்க கைக்கு வர்ற சரக்குல பெரும்பகுதி அங்கேருந்துதான் வருது. 2022 பிப்ரவரியில ஆந்திர போலீஸ் 2 லட்சம் கிலோ கஞ்சாவை ஒரே இடத்துல எரிச்சாங்க. ஆயிரக்கணக்கான ஏக்கர்ல செடியை வெட்டிச் சாய்ச்சாங்க. வெட்டினது பழங்குடி ஜனங்களோட மலைக்காட்டுல. அதுக்கப்புறமும் பொட்டலம் வந்துக்கிட்டேதான் இருக்கு.

திறந்துவிட்டா தீர்ந்துடுமா?

தடை தோத்துப்போச்சு, அதனால திறந்துவிடுங்கன்னு சொல்லிடலாமா? அதுக்கும் கொஞ்சம் பொறுங்க.

உலகம் மாறிக்கிட்டு இருக்கிறது உண்மைதான். உருகுவே 2013-ல சட்டம் போட்டுச்சு, கனடா 2018-ல. 2020 டிசம்பர்ல ஐ.நா. கமிஷன்ல, கஞ்சாவை ரொம்ப மோசமான பட்டியல்லேருந்து எடுக்கலாமான்னு ஓட்டு விட்டப்போ 27-க்கு 25-னு ஜெயிச்சுது. எடுக்கலாம்னு ஓட்டுப் போட்ட நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணு. 2024-ல ஜெர்மனி வயசு வந்த ஒவ்வொருத்தரும் வீட்டுல மூணு செடி வெச்சுக்கலாம்னு விட்டுச்சு. தாய்லாந்து 2022-ல திறந்துவிட்டு, கடை ஆயிரக்கணக்குல முளைச்சு, விளைச்சல் பெருகி விலை விழுந்து, 2025-ல டாக்டர் சீட்டு இருந்தாத்தான்னு மறுபடி இறுக்கிடுச்சு. நம்ம நாட்டுல உத்தராகண்ட் 2018-ல நாருக்கான, போதை இல்லாத ரகத்துக்கு லைசென்ஸ் குடுத்துச்சு. இமாசலப் பிரதேசமும் அந்த வழியில போய்க்கிட்டு இருக்கு.

"பார்த்தீங்களா மாமா"ன்னு எங்க வீட்டுப் பசங்க சொல்றது இதைத்தான். நான் அவங்களுக்கு ரெண்டு பயிரைக் காட்டறேன்.

ஒண்ணு கசகசா, அதாவது அபின் செடி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல இன்னைக்கும் சட்டப்படி வைக்கிறாங்க. மத்திய அரசு லைசென்ஸ். ஒவ்வொருத்தருக்கும் சின்னத் துண்டு நிலம்தான். அதிகாரி வந்து அளப்பார். பால் எடுத்தது முழுக்க அரசாங்கத்துக்குத்தான் குடுக்கணும், அவங்க வெச்ச விலைக்கு. குறைஞ்சபட்ச அளவு வரலைன்னா அடுத்த வருஷம் லைசென்ஸ் போச்சு. ஆலங்கட்டி மழை பெய்ஞ்சாலும் பூச்சி அடிச்சாலும் விளக்கம் சொல்ல வேண்டியது விவசாயிதான். கட்டுப்பாடான போதைப் பயிர்னா நிஜத்துல இப்படித்தான் இருக்கும். லட்சக் கனவு காணறவங்க நீமச், மந்த்சௌர் பக்கம் ஒரு தடவை போய்ட்டு வரட்டும்.

இன்னொண்ணு நம்ம பனை. 1987-லேருந்து தமிழ்நாட்டுல கள் இறக்கக் கூடாது. என் மரம், என் வரப்பு, ஏறினா வழக்கு. ஆனா ஆலையில காய்ச்சின சரக்கை 2003-லேருந்து அரசாங்கமே டாஸ்மாக் கடையில விக்குது. போதை கூடாதுங்கறது சட்டத்தோட நோக்கமா இருந்தா ரெண்டும் இருக்கக் கூடாது. இருக்கு. அப்போ நடந்தது என்ன? குடியானவன் கையில இருந்தது பறிபோச்சு, ஆலைக்காரன் கையில இருந்தது தங்கிடுச்சு. நாளைக்குக் கஞ்சாவுக்குச் சட்டம் வந்தாலும் கண்ணாடிக் கூடாரம், ஏசி, பரிசோதனைக் கூடம், வேலி, கேமரான்னு நிபந்தனை வரும். எங்க மலையில யாரால அதைக் கட்ட முடியும்? கம்பெனிதான் கட்டும். நாங்க கூலிக்குப் போவோம்.

டாஸ்மாக் இன்னொரு பாடமும் சொல்லுது. அரசாங்கத்துக்கு வருமானம் வர ஆரம்பிச்சா, குறைக்கணுங்கற எண்ணம் போய்டும். கூலி வாங்கின கையோட கடைக்குப் போற ஆளை நான் தினமும் பார்க்கறேன். அவர் வீட்டுக்காரம்மா எங்க கழனிக்குத்தான் களை எடுக்க வராங்க.

அப்போ என்னதான் சொல்ற?

பதினாலு, பதினைஞ்சு வயசுப் பையன் கையில இது போகவே கூடாது. வளர்ற மூளையை இது கெடுக்குது, ஞாபகம் போகுது, சில பேருக்கு மனநோயைக் கிளப்பிவிடுதுன்னு டாக்டர்கள் சொல்றாங்க. கிழவர் ஒருத்தர் கோயில் மண்டபத்துல சிலும்பி பிடிச்சதும், பள்ளிக்கூடத்து வாசல்ல பொட்டலம் விக்கறதும் ஒண்ணு இல்லை. ஆனா ஒரு பொட்டலத்தோட பிடிபட்ட பையனை ஜெயிலுக்கு அனுப்பினா, திரும்பி வர்றப்போ அவன் கூட நாலு பெரிய ஆளுங்க சிநேகிதம் சேர்ந்திருக்கும். அவனுக்கு வேண்டியது வைத்தியம். சட்டத்துல ஏற்கனவே அதுக்கும் வழி வெச்சிருக்காங்க. அந்த வழியில எவ்வளவு பேரை அனுப்பறாங்கன்னு கேளுங்க.

சட்டம் மாறணும்னு கேக்கற பட்டணத்துத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கேக்கறது உங்க உரிமை. ஆனா "விவசாயிக்கு லாபம்"னு எங்களை முன்னால நிறுத்தறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும்? விலை யார் வைப்பா? கிடங்குச் சாவி யார் கையில இருக்கும்? 1893-ல 1,193 பேரைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேட்டாங்க, அதுல பயிர் வெச்சவனும் ஒருத்தன். 1985 சட்டம் வந்தப்போ எங்க மலையில யாரையாவது கேட்டாங்களான்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட விசாரிச்சேன். அப்படி யாரும் வந்ததா ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

அடுத்த சட்டம் எந்தப் பக்கம் போனாலும் சரி, தடையோ அனுமதியோ, எழுதறதுக்கு முன்னாடி மலை ஏறி வந்து கேக்கட்டும். பஸ் இல்லைன்னா நாங்களே பைக்ல கூட்டிட்டுப் போறோம்.